கண்மாய்க்கரைப் பொன்வண்டுகள்: தவறாக வந்த ஒரே வரிசையும் கைவிடப்பட்ட இடமாற்றமும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

செட்டிநாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் பொன்வண்டைப் பற்றிக் கேட்டால் தீப்பெட்டியைச் சொல்லாமல் பேச்சை முடிக்கமாட்டார்கள். மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும் வண்டு வெளியே வரும். பிள்ளைகள் பிடித்துத் தீப்பெட்டியில் கருவேல இலையோடு வைப்பார்கள், அது பெட்டிக்குள்ளேயே முட்டையிடும். "முட்டை போடுற வரைக்கும்தான் தம்பி வச்சிருப்போம். அப்புறம் முட்டையோட கொண்டுபோய் வேலியோரத்துல விட்ருவோம்" என்று ஓர் ஆச்சி ஆய்வுக் குழுவிடம் சொன்னார். அவருடைய பேரப்பிள்ளைகள் பொன்வண்டை நேரில் பார்த்ததில்லை.

இங்கே பேசப்படுவது ஸ்டெர்னோசெரா பேரினத்தைச் சேர்ந்த வண்டு. கழுத்துப் பகுதி பச்சையாகப் பளபளக்கும், மேலிறகு செம்பழுப்பாக இருக்கும். இதே பேரினத்தில் உடல் முழுதும் பச்சையாக, மேலே வெளிர் புள்ளிக்குழிகளோடு இன்னோர் இனமும் தமிழ்நாட்டில் உண்டு. பொதுப்பேச்சில் இரண்டுக்கும் பெயர் பொன்வண்டுதான். வளர்ந்த வண்டு சில வாரங்களே வாழும். கருவேலம், உடை, இலந்தை போன்றவற்றின் இலையைத் தின்னும். மரத்தடி மண்ணில் முட்டையிடும். புழு முழுக்க மண்ணுக்குள்ளேயே வேரைத் தின்று வளர்கிறது, வெளியே வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே இந்த வண்டின் கணக்கில் மரத்தைவிட மரத்தடி மண் முக்கியம். இந்த ஆய்வு கடைசியில் வந்து நின்றதும் அங்கேதான், ஆனால் வெகுதூரம் சுற்றிக்கொண்டு வந்தது.

இடம், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட சரளைச் செம்மண் பகுதி. நான்கு இடங்களில் வண்டு இருப்பதாகத் தகவல் வந்தது: அருகருகே இரண்டு கண்மாய்கள் (இங்கே 'பெரிய கண்மாய்', 'சின்னக் கண்மாய்'), ஓர் அய்யனார் கோயில்காடு, ஒரு முள்தரிசு. இரண்டு கண்மாய்களுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டித் தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலம் அகற்றும் வேலை மும்முரமாக நடந்தபோது, சின்னக் கண்மாயில் நாட்டுக்கருவேலமும் சேர்ந்தே ஜேசிபிக்குப் போனது என்று ஊரார் சொன்னார்கள். கண்மாய்க்குள் வளர்க்கப்படும் நாட்டுக்கருவேலமும் அவ்வப்போது ஏலம் போய் வெட்டப்படுவது வழக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று சிறிய தொகை கொடுக்க முன்வந்தது. வேறு மாவட்டத்திலிருந்து பொன்வண்டு கொண்டுவந்து கண்மாயில் விடவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஒரு கல்லூரி விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவர், முதுகலை மாணவர் மூவர், கண்மாய்ப் பாசனக்காரர்களின் தலைவர் ஆகியோர் கொண்ட குழு, விடுவதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை தேடியது. இங்கே மிஞ்சியிருக்கும் வண்டுகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து மரபு வளம் வற்றிப்போனவையா, அல்லது எண்ணிக்கை குறைந்திருந்தாலும் வளம் மிச்சமிருக்கிறதா? மரபணுக் குறிப்பான்கள் (வண்டுக்கு வண்டு உள்ள வேறுபாட்டைக் காட்டும் டி.என்.ஏ. பகுதிகள்) தேவைப்பட்டது இதற்குத்தான்.

முதல் பருவம்: மாதிரி எடுத்த விதம்

எங்கே யாரிடம் கேட்கவேண்டும் என்பது முதல் வேலை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சில பூச்சியினங்களும் உண்டு. எடுக்கப்போகும் இனம் அதில் இருக்கிறதா என்பதைத் திருத்தப்பட்ட அட்டவணையை வைத்துத்தான் பார்க்கவேண்டும். காப்புக்காட்டுக்குள் எதை எடுத்தாலும் வனத்துறை அனுமதி வேண்டும். கண்மாய்களில், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இந்த இரண்டும் ஆளுக்கொன்றாக இருந்ததால் இரண்டு கடிதங்கள் போயின.

வண்டைக் கொல்லக்கூடாது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. நடுக்கால்களில் ஒன்றின் நுனிப்பகுதியை மட்டும் வெட்டினார்கள். முன்கால் இலையைப் பற்ற வேண்டும், பின்கால் எம்பிப் பறக்க உதவும். நடுக்காலின் நுனி போனால் இழப்பு குறைவு. "காலை வெட்டுனா பொழைக்குமாய்யா?" என்று தலைவர் கேட்டதற்கு, வெட்டிய வண்டுகளைக் கொசுவலைக் கூண்டில் இலையோடு ஓர் இரவு வைத்துக் காட்டினார்கள். மறுநாள் காலை அவை தின்றுகொண்டிருந்தன. வெட்டியதை இரண்டாக நறுக்கி இரண்டு டியூப்களில் போட்டு, ஒன்றை வேலைக்கும் மற்றதைத் தொடாமலும் வைத்தார்கள். இந்த மறுபாதிதான் பிறகு ஆய்வைக் காப்பாற்றியது.

பெரிய கண்மாயில் 14, சின்னக் கண்மாயில் 11, கோயில்காட்டில் 9, தரிசில் 6 என மொத்தம் 40 வண்டுகள். ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை இனத்தில் ஒன்று. ஆச்சி வீட்டுப் பரணிலிருந்த பழைய பெட்டியிலிருந்து நாலைந்து காய்ந்த வண்டுகளும் கிடைத்தன. நாஃப்தலின் உருண்டையோடு பல கோடைகளைக் கடந்தவை. அவற்றில் நீளமான டி.என்.ஏ. துண்டு மிஞ்சியிருக்காது என்பதால் ஒதுக்கிவைத்தார்கள். பழைய மாதிரிக்கு 100 முதல் 200 எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமுள்ள குட்டித் துண்டுகளைப் பெருக்கும் வேறு பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வேண்டும், தனி அறையும் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகள் நடந்தன. தூய எத்தனால் கைக்கு வரத் தாமதமானதால் முதல் இரண்டு வாரம் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கால்களைப் போட்டார்கள். அதில் தண்ணீர் அதிகமாக இருக்கலாம், சேர்மானமும் உண்டு. கால் உறைக்குள் இருக்கும் தசைக்கு அது முழுதாக ஊறிப் போய்ச் சேர்வதற்குள் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். இரண்டாவது, டியூப்கள் பைக் பெட்டிக்குள் பகல் முழுதும் வெயிலில் கிடந்தன. 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனால், திசுவைப்போல் பத்து மடங்கு அளவு, மறுநாள் ஒருமுறை மாற்றி ஊற்றுவது, ஊர் திரும்பியதும் மைனஸ் 20 டிகிரி. இவ்வளவும் வேண்டும். எத்தனால் கிடைக்காத நாளில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் காயவைப்பது ஸ்பிரிட்டைவிட நல்லது.

ஆய்வகத்தில்

முதல் குறிப்பானாக மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவை எடுத்தார்கள். விலங்குகளின் 'பார்கோடு' என்பது இதன் 658 எழுத்துப் பகுதி. 1994-இல் வெளிவந்த ஃபோல்மர் பிரைமர் இணை பெரும்பாலான பூச்சிகளில் வேலை செய்யும், பிரைமரையும் சேர்த்து 710 எழுத்து நீளத் துண்டு வரும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம் என்பதால் சின்னக் கால்துண்டே போதும். குறை என்னவென்றால் இது தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது. ஆண் வண்டு கண்மாய் விட்டுக் கண்மாய் பறந்து போய்ச் சேர்ந்தாலும் இதில் தடம் இருக்காது.

கால்துண்டை நசுக்கி, 180 மைக்ரோலிட்டர் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் புரோட்டினேஸ்-கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) சேர்த்து, 56 டிகிரியில் இரவு முழுதும் வைத்துக் கரைத்தார்கள். கடைசியில் பிரிந்த டி.என்.ஏ.வை 200 மைக்ரோலிட்டர் திரவத்தில் இறக்கினார்கள், கிட்டோடு வந்த தாளில் அப்படித்தான் இருந்தது. இவ்வளவு சிறிய திசுவுக்கு அது அதிகம். 50 மைக்ரோலிட்டரில் இறக்கி, ஊற்றியபின் ஐந்து நிமிடம் காத்திருந்து சுழற்றியிருந்தால் செறிவு கூடியிருக்கும்.

முதல் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைச் சுற்றுச்சுற்றாகப் பெருக்கும் முறை) முடிந்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது பட்டைகள் மங்கலாக வந்தன. அதைச் சரிக்கட்டச் சுற்றுகளை 35-இலிருந்து 40-ஆக உயர்த்தினார்கள். பட்டைகள் பளிச்சென்று வந்தன. 24 டியூப் தொகுதியில் 22 மாதிரி, 1 பிரித்தெடுப்பு வெற்று டியூப், 1 சுத்தநீர் டியூப். கடைசி இரண்டிலும் மாதிரி இல்லை, பட்டை வரக்கூடாது. சுத்தநீர்க் குழியிலும் மெல்லிய பட்டை தெரிந்தது. நோட்டில் 'பிரைமர் டைமர்' (பிரைமர்கள் தமக்குள் ஒட்டி உண்டாகும் குட்டித் துண்டு) என்று எழுதிவிட்டுக் கடந்துபோனார்கள்.

முதல் முடிவும் அதை நம்பிப் போட்ட திட்டமும்

22-ஐயும் வரிசைப்படுத்த, அதாவது எழுத்துகளின் வரிசையைப் படிக்க, அனுப்பினார்கள். 2 தோற்றன. 3-இல் ஓர் எழுத்துக்கு ஒரு முகடு வரவேண்டிய பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை முகடுகள், அவற்றைத் 'தரமில்லை' என்று தள்ளினார்கள். மிச்சம் 17-உம் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே வரிசை.

மாணவர் ஒருவர் அமினோ அமிலமாக மொழிபெயர்த்தபோது எல்லாவற்றிலும் நடுவே நிறுத்தக் குறி வந்தது. மென்பொருளில் பொதுவான மரபுக் குறியீட்டு அட்டவணை போட்டிருந்ததுதான் காரணம். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு 5-ஆம் எண் அட்டவணையைப் போடவேண்டும். அதில் டி-ஜி-ஏ நிறுத்தக் குறி அல்ல, டிரிப்டோஃபான். மாற்றிப் போட்டதும் சரியானது.

17-உம் ஒன்றே என்றால் ஒற்றைத் தாய்வழிதான் மிஞ்சியிருக்கிறது, வெளியிலிருந்து வண்டு கொண்டுவராவிட்டால் அழிவுதான் என்று குழு முடிவுக்கு வந்தது. நன்கொடைக் குடும்பத்துக்குச் செய்தி போனது, அடுத்த மழைக்கு விடுவதாகத் தேதியும் பேசினார்கள். ஊருக்கு இது பிடித்துப்போனது. கேட்டவுடன் புரிகிற தீர்வு அது, செய்ததை எல்லோரும் கண்ணால் பார்க்கவும் முடியும்.

சந்தேகம் வந்த இடம்

வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் படம் தயாரிக்கும்போது ஆசிரியர் மாதிரி எண்களைப் பார்த்தார். அந்த 17-க்குள் பச்சை வண்டும் இருந்தது. கண்ணால் பார்த்தாலே வேறு இனம் என்று தெரியும் வண்டுக்கும் இதற்கும் 658 எழுத்தில் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. இரண்டு இனங்கள் அப்படி இருக்க வாய்ப்பே இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஆனால் மற்ற எல்லா இடத்து வண்டுகளும் அதே வரிசை என்னும்போது, இயற்கையைவிட டியூப்பைச் சந்தேகிப்பதே முறை.

அப்போதுதான் பழைய ஜெல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பிரைமர் டைமர் 100 எழுத்துக்கும் கீழே, ஜெல்லின் அடிமட்டத்தில் கலங்கலாக நிற்கும். சுத்தநீர்க் குழியின் பட்டை அளவுகோலில் 700-க்குப் பக்கத்தில், மற்ற மாதிரிகளோடு ஒரே கோட்டில் நின்றது. தண்ணீரில் பொன்வண்டு டி.என்.ஏ. இருந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நான்கு டியூப் சோதனை போதுமாக இருந்தது. பழைய நீர்ப் புட்டியோடு பழைய பிப்பெட் (துளியளவு திரவம் எடுக்கும் கருவி), பழைய புட்டியோடு புதிய பிப்பெட், புதிய புட்டியோடு பழைய பிப்பெட், இரண்டுமே புதிது. எதிலும் மாதிரி சேர்க்கவில்லை. பழைய புட்டி சேர்ந்த இரண்டில் மட்டும் பட்டை வந்தது. பி.சி.ஆர். கலவை தயாரிக்கிற மேசையிலேயே ஜெல்லும் ஓட்டியிருந்தார்கள். ஜெல்லில் ஊற்ற பி.சி.ஆர். துண்டை எடுத்த பிப்பெட் முனை அந்தப் புட்டிக்குள்ளும் போயிருக்கிறது. அந்த 17 வரிசைகளும் மாணவர்கள் கைப்பழக்கத்துக்காகப் பலமுறை ஓட்டிய ஒரு வண்டின் வரிசையோடு அப்படியே பொருந்தின. அந்த வண்டு நாற்பதில் ஒன்றல்ல.

கலப்படம் சிறிதளவாக இருந்தும் இப்படி எல்லாவற்றையும் மூடிவிட்டது ஏன் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். மாதிரிகளின் சொந்த டி.என்.ஏ. ஸ்பிரிட்டாலும் வெயிலாலும் நலிந்திருந்தது, 200 மைக்ரோலிட்டரில் நீர்த்தும் போயிருந்தது. காலின் கருநிறமிகள் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும். கலந்துவிட்ட துண்டுக்கோ இந்தத் தடை எதுவும் இல்லை. அது ஏற்கெனவே இதே பிரைமருக்கு அளந்து வெட்டிய துண்டு. 40 சுற்றில் அது முந்திக்கொண்டது. தள்ளிவைத்த அந்த 3 இரட்டை முகட்டு வரிசைகள் சொந்த டி.என்.ஏ.வும் கலப்படமும் சரிக்குச் சரியாக வந்தவை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த மூன்றும்தான்.

நன்கொடைக் குடும்பத்துக்கு அன்றே தகவல் சொன்னார்கள். "முதல்ல சொன்ன முடிவு தப்புங்க அண்ணே. வண்டு விடுறதை நிறுத்தி வைக்கிறோம்" என்று தலைவரே தொலைபேசியில் பேசினார். வருத்தம் இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

மறுபடி செய்தது

தொடாமல் வைத்திருந்த மறுபாதிகளை எடுத்தார்கள். கலவை தயாரிக்க வேறு அறை, அங்கே போய்வராத பிப்பெட், வடிகட்டி வைத்த முனைகள். தண்ணீரை 1 மில்லிலிட்டர் வீதம் சிறு டியூப்களில் பிரித்து, ஒன்றை ஒருநாளைக்குமேல் பயன்படுத்துவதில்லை. கத்தரிக்கோலை ஒவ்வொரு காலுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு பிளீச்சில் முக்கி, தண்ணீரில் அலசி, எத்தனாலில் துடைத்தார்கள். பிளீச் மிச்சமிருந்தால் மாதிரியின் டி.என்.ஏ.வையே தின்றுவிடும் என்பதால் அலசுவதை விடக்கூடாது.

25 மைக்ரோலிட்டர் கலவையின் கணக்கு: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் (நொதி முதலியவை சேர்ந்த தயார்க் கலவை) 12.5, பிரைமர்கள் (10 மைக்ரோமோலார்) தலா 1, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. புரதம் 1, டி.என்.ஏ. 2, தண்ணீர் 7.5. பி.எஸ்.ஏ. நிறமியின் தடையைத் தணிக்கும். அதற்கும் வராதவற்றில் டி.என்.ஏ.வைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து ஓட்டினார்கள். தடைப்பொருள் நீர்த்துப்போனதும் சிலவற்றில் பட்டை வந்தது. வெப்பநிலை: 94-இல் 3 நிமிடம், பிறகு 94-இல் 30 விநாடி, 50-இல் 45 விநாடி, 72-இல் 1 நிமிடம் என 35 சுற்று, கடைசியில் 72-இல் 10 நிமிடம். 35-க்கு மேல் போவதில்லை என்று எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டினார்கள்.

40-இல் 34 தெளிவாக வந்தன. 5 ஹாப்ளோடைப்கள் (தாய்வழி வரிசை வகைகள்). பெரிய கண்மாயில் மூன்று, அவற்றில் இரண்டு சின்னக் கண்மாயிலும் இருந்தன. தரிசில் அந்த இரண்டில் ஒன்றும், தனக்கென ஒன்றும். கோயில்காட்டில் ஒன்றே ஒன்று, அது வேறெங்கும் இல்லை. பச்சை வண்டு எல்லாவற்றிலிருந்தும் வெகுதூரம் விலகி நின்றது.

பூச்சிகளில் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பூச்சியின் செல்லுக்குள் வாழும் வொல்பாக்கியா பாக்டீரியா. அதுவும் தாய் வழியாகவே இறங்குகிறது. அது ஒரு கூட்டத்தில் பரவும்போது தன்னோடு இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வகையையும் இழுத்துக்கொண்டு பரவும். கூட்டம் பெரிதாக, நலமாக இருந்தாலும் ஹாப்ளோடைப் ஒன்றாகத் தெரியும். கோயில்காட்டு ஒற்றை வகை அப்படி வந்ததா என்று பார்க்க, வொல்பாக்கியாவின் டபிள்யூ.எஸ்.பி. மரபணுவை 81எஃப், 691ஆர் பிரைமர்களால் தேடினார்கள். வண்டுகளில் பட்டை வரவில்லை. ஆனால் சோதனை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் 'வரவில்லை' என்பதை 'இல்லை' என்று எடுக்க முடியாது. ஆய்வக ஜன்னலில் அடித்த வீட்டுக் கொசு ஒன்றைக் கரைத்து ஓட்டினார்கள். வீடுகளில் காணும் இந்தக் கியூலெக்ஸ் கொசுவில் வொல்பாக்கியா ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அதில் 600-க்குப் பக்கத்தில் பட்டை நன்றாக வந்தது. இதன்பிறகே வண்டின் முடிவை எழுதினார்கள்.

கோயில்காடு தனிக் கூட்டமா?

இரு பெற்றோர் வழியையும் பார்க்க மைக்ரோசாட்டிலைட் தேவைப்பட்டது. சி.ஏ.சி.ஏ.சி.ஏ. என்று திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகளின் நீளம் வண்டுக்கு வண்டு மாறும், அந்த நீளமே குறிப்பான். ஓர் இனத்துக்குச் செய்த பிரைமர் மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. வெளி ஆய்வகம் ஒன்றில் ஒரு வண்டின் மரபணுத்தொகையை (முழு டி.என்.ஏ.வை) மேலோட்டமாக வரிசைப்படுத்தி 14 இடங்களைத் தேர்ந்தார்கள். 9 சரியாகப் பெருகின. அவற்றில் 2 இடங்களில், தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் ஒரே நீளமுள்ள வண்டுகள் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம். பிரைமர் ஒட்டும் இடத்தில் எழுத்து மாறியிருந்தால் ஒரு பிரதி பெருகாமல் மறைந்துபோகும். அது நெருங்கிய உறவுக்குள் நடந்த இனப்பெருக்கம் போலவே தோற்றம் தரும். மற்ற இடங்களில் அப்படி இல்லாததால் இது மறைபிரதி என்று கொண்டு அந்த இரண்டையும் விட்டார்கள். மிச்சம் 7.

ஏழையும் வைத்துப் பார்த்தபோது இரண்டு கண்மாய்களும் தரிசும் ஒரே கூட்டமாகவும் கோயில்காடு தனியாகவும் பிரிந்தன. இதைப் படமாகப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் கோயில்காட்டைத் தனி அலகாகக் காக்கவேண்டும் என்றுதான் தோன்றியது. களக்குறிப்பைப் புரட்டியபோது வேறு செய்தி கிடைத்தது. அங்கே எடுத்த 9 வண்டும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கருவேல மரங்களில் பிடித்தவை. தாய் மரத்தடியில் முட்டையிடுகிறது, மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுகள் அதே மரத்திலேயே ஏறி இலை தின்கின்றன. உடன்பிறப்புக் கணக்குப் போடும் 'காலனி' மென்பொருளில் ஓட்டியபோது 9 வண்டும் 4 குடும்பத்துக்குள் அடங்கின. நான்கு குடும்பத்தை ஒன்பது முறை எண்ணினால் எந்தக் கூட்டமும் தனியாகத்தான் தெரியும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு மரத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை, மரங்களுக்கிடையே 50 மீட்டர் என்ற விதியோடு கோயில்காட்டில் இன்னும் 11 வண்டு எடுத்தார்கள். கண்மாய்களில் உள்ள ஹாப்ளோடைப்பும் அங்கே கிடைத்தது. மைக்ரோசாட்டிலைட் வித்தியாசம் சுருங்கியது, முற்றிலும் போகவில்லை. போக்குவரத்து இருக்கிறது, குறைவாக இருக்கிறது என்பதற்குமேல் அந்தத் தரவைக்கொண்டு சொல்ல முடியாது.

"மொத்தம் எத்தனை வண்டுய்யா இருக்கு?" என்று தலைவர் கேட்டார். இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் எண்ணிக்கையை மதிப்பிடும் முறைகள் உண்டு. இந்தச் சிறு மாதிரியில் போட்டபோது மேல் எல்லை 'முடிவிலி' என்று வந்தது. கீழ் எல்லையை மட்டும் எண்ணாகச் சொன்னால் அதுவே ஊர்க்கணக்கு ஆகிவிடும் என்று குழு எந்த எண்ணையும் சொல்லவில்லை. இது சரியான முடிவு.

எடுத்த முடிவுகள்

வெளிமாவட்ட வண்டு கொண்டுவரும் திட்டம் கைவிடப்பட்டது. மரபு வளம் வற்றியதற்கான ஆதாரம் இல்லை. கூட்டங்களுக்கிடையே போக்குவரத்து இன்னும் நடக்கிறது. வேற்றிட வண்டோடு நோயும் ஒட்டுண்ணியும் வரலாம், இந்த மண்ணின் மழைக்காலத்துக்குப் பழகிய குணம் கலைந்தும் போகலாம். வளம் இருக்கும்போது இந்த ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை.

குறை மரபணுவில் இல்லையென்றால் மண்ணில் இருக்கிறது. அதனால் மூன்று வேண்டுகோள்கள் கண்மாய்களுக்கு உரியவர்களிடம் போயின. ஏலத்தில் கருவேலம் வெட்டும்போது கரையோரம் ஒரு வரிசையை விட்டுவிடுவது, வெட்டிய இடத்திலும் தூரைத் தோண்டாமல் விடுவது. வண்டல் மண் எடுப்பதை நீர்ப்பரப்பின் நடுப்பகுதியோடு நிறுத்தி மரத்தடிக்கு வராமல் பார்ப்பது. சீமைக்கருவேலம் அகற்றுமுன் நாட்டுக்கருவேலத்துக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளமிடுவது.

இந்த மூன்றாவது எளிதாகத் தோன்றும். ஜேசிபி ஓட்டுநருக்கு இரண்டும் முள்மரம்தான். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிகோத்த மாலைபோல் இடையிடையே குறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும், காயில் அந்த இடைக்குறுக்கம் இருக்காது. காயும் பூவும் இல்லாத மாதத்தில் அடையாளம் போடப்போய் முதல்நாள் தவறியது. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கூடவந்தபிறகு தவறு நின்றது.

பின்பு நடந்தது

பெரிய கண்மாயில் கரைவரிசை தப்பியது. அடுத்த மழைக்குப்பின் அந்த வரிசையில் வண்டு கண்டார்கள். சின்னக் கண்மாயில் ஏலம் எடுத்தவர் 40 மீட்டர் நீளத்துக்குத் தூரோடு பிடுங்கிவிட்டார். ஏலப் பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதப்படவில்லை, வாய்மொழியாகத்தான் சொல்லியிருந்தார்கள். பிடுங்கிய இடத்தில் மண்ணைக் கிளறியபோது விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள் மேலே கிடந்தன, காக்கையும் கொக்கும் பொறுக்கிக்கொண்டிருந்தன. அந்தப் புழுக்களில் இரண்டின் சிறுதுண்டை எடுத்து சி.ஓ.ஐ. ஓட்டினார்கள். ஒன்று வேறு குடும்பத்து வண்டினுடையது. மற்றது பெரிய கண்மாயில் காணும் ஹாப்ளோடைப்போடு பொருந்தியது. பொன்வண்டுப் புழுவைக் கண்ணால் உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர் குழுவில் இல்லை. பார்கோடு அதன் சொந்த வேலையைச் சரியாகச் செய்த இடம் இதுதான். அந்த அறிக்கையைக் காட்டியபின் அடுத்த ஏலத்தின் நிபந்தனைகளில் தூர் தோண்டக்கூடாது என்பது எழுத்தில் சேர்ந்தது.

கரைவரிசையில் வண்டு வந்ததை வெற்றி என்று எழுதவில்லை. புழு மண்ணில் ஒரு பருவத்துக்குமேல் இருக்கக்கூடும் என்பதால், அன்று வெளிவந்தவை முந்தைய ஆண்டுகளில் இட்ட முட்டைகளாகவும் இருக்கலாம்.

நன்கொடையில் மிச்சமிருந்த தொகை கருவேல நாற்றுக்கும், மைனஸ் 20 பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ்.ஸுக்கும் போனது. பள்ளிப் பிள்ளைகளிடம், உயிருள்ள வண்டைப் பிடித்த மரத்திலேயே விடவும், பறவை தின்றுபோட்ட காலையும் மேலிறகையும் தேதியோடு காகித உறையில் கொண்டுவரவும் சொன்னார்கள். புதிதாக விழுந்த கால்களில் பாதிக்குப் பாதி டி.என்.ஏ. கிடைக்கிறது. உயிருள்ள வண்டைத் தொடவே வேண்டாத வழி இது.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

சுத்தநீர் டியூப்பில் எந்த நீளத்தில் பட்டை வந்தாலும் அன்றைய தொகுதி முழுதும் குப்பைக்குப் போகவேண்டும். அந்த ஜெல் படம் இல்லாமல் எந்த வரிசையும் கணினியில் ஏறக்கூடாது. இப்போது வரிசைக் கோப்பின் பெயரிலேயே ஜெல் படத்தின் எண்ணைச் சேர்த்துவிட்டார்கள்.

வேற்றின வண்டு ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் சேர்த்து ஓட்டவேண்டும். முதல்முறை பச்சை வண்டைச் சேர்த்தது தற்செயல். அது இல்லாமல் போயிருந்தால் வெளிமாவட்ட வண்டுகள் இந்நேரம் கண்மாயில் இருந்திருக்கும்.

களநோட்டில் மரத்துக்கு எண் வேண்டும். 'கோயில்காடு' என்று மட்டும் எழுதியிருந்தால் உடன்பிறப்புச் சிக்கல் வெளியே தெரிந்திருக்காது. ஒரு மாணவர் தானாக 'ரெண்டாவது மரம், புற்றுக்குப் பக்கம்' என்று குறித்துவைத்திருந்ததால்தான் தெரிந்தது.

மைக்ரோசாட்டிலைட்டில் ஏழு இடங்கள் குறைவு. பணம் கிடைத்தால் மரபணுத்தொகை முழுதும் பரவிய ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்களைப் பார்க்கும் முறைக்குப் போகலாம். அதற்குச் சிதையாத நீண்ட டி.என்.ஏ. வேண்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறிய கால்கள் அதற்கு ஆகா. இரண்டாம் பருவத்துக் கால்கள் மட்டும் மைனஸ் 20-இல் காத்திருக்கின்றன, மறுபாதிகள் வேறொரு பெட்டியில், வேறொரு கட்டடத்தில்.

நன்கொடை தருபவரிடம் முதல் தொகுதி முடிவைச் சொல்வதில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். மறுபாதியில் ஒருமுறை ஓட்டி, இரண்டும் ஒத்துப்போன பிறகே தொலைபேசியை எடுப்பது.